வெடிக்காமல் பெய்க்லி சுடுவது எப்படி: ஹங்கேரி வீட்டு முறையில் முழு வழிகாட்டி

டிசம்பர் 23 சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படியில் யாரும் அதிகம் பேசமாட்டோம். ஓவனுக்குள் நான்கு பெய்க்லி இருக்கும். மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியே குனிந்து குனிந்து பார்ப்பார். அடுத்த அறையிலிருந்து மனைவி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள்: "வெடிச்சிருச்சா?" பக்கத்து வீட்டிலும் மேல்மாடியிலும் அந்த நேரத்தில் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெய்க்லி என்பது ஈஸ்ட் போட்ட மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே கசகசாப் பூரணமோ வால்நட் பூரணமோ தடவி, பாய் மாதிரிச் சுருட்டிச் சுடுகிற பலகாரம். வெளியே பளபளவென்று, மெருகேறிய பழைய மரச்சாமான் நிறத்தில், மேலெல்லாம் மெல்லிய கோடுகள் ஓடிய பளிங்குத் தோற்றம். வெட்டினால் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் சுழி. கிறிஸ்துமஸ் இல்லாமல் பெய்க்லி உண்டு, பெய்க்லி இல்லாமல் ஹங்கேரியக் கிறிஸ்துமஸ் கிடையாது.

திஸா ஆற்றங்கரையில் இருக்கும் செகெட் நகரத்துக்குக் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், "எனக்கு ரொட்டி சுடத் தெரியும், இதை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தேன். மாவை நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காகப் பொங்கவிட்டு, சுருட்டி, மறுபடியும் பொங்கவிட்டு, சூடான ஓவனில் வைத்தேன். நான்கும் வாய் பிளந்தன. ஒன்று நீளவாக்கில் முழுதாகப் பிளந்து, பூரணம் தட்டில் வழிந்து கருகியது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மேலே சீனிப்பொடியைத் தூவி மேசைக்குக் கொண்டுபோனார். அந்த மௌனம்தான் என்னை உட்கார்ந்து கற்றுக்கொள்ள வைத்தது.

மாமியாரை இங்கே நான் "மமா" என்று கூப்பிடுகிறேன். ஹங்கேரி மொழியில் அம்மாவையும் பாட்டியையும் மாமியாரையும் அப்படி அழைப்பார்கள். போனில் அது என் அம்மாவின் காதில் "மாமா" என்று விழுந்து, அவர் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு மாதம் ஆனது. இனி இந்தக் கட்டுரையிலும் அவர் மமாதான்.

மமா எனக்குச் சொன்ன முதல் விஷயம் இது: பெய்க்லி ரொட்டி இல்லை. மாவில் ஈஸ்ட் இருப்பது அதைப் பொங்க வைப்பதற்கு அல்ல. கடித்தால் கல்லாக இல்லாமல் கொஞ்சம் இளகிக் கொடுப்பதற்கு. வாசனைக்கும் கொஞ்சம். ரொட்டியில் நாம் ஆசையாகச் செய்கிற ஒவ்வொன்றும், அதாவது சூடு காட்டுவது, பொங்கவிடுவது, அடித்துப் பிசைவது எல்லாமே, இங்கே வெடிப்புக்கு வழி. கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வெடிப்பைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அளவுகள் தானாகவே புரியும்.

கொஞ்சம் பூர்வீகம்

பெயர் ஜெர்மன் மொழியில் வளைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பலகாரமும் வடக்கே, இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கும் சிலேசியாப் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு: போஜோனி கிஃப்லி. போஜோனி என்பது இன்றைய ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவின் ஹங்கேரியப் பெயர். அதே மாதிரி மாவு, அதே கசகசாவும் வால்நட்டும், ஆனால் ஆளுக்கு ஒன்றாகச் சாப்பிடும் சின்ன உருவம். வால்நட் வைத்தது பிறை மாதிரி, கசகசா வைத்தது குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். கடிக்காமலேயே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாரம்பரிய உணவு என்ற பதிவைக் கொடுத்தது. பெய்க்லி வீட்டுப்பிள்ளை, அதற்கு அப்படிப்பட்ட பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

கசகசா எத்தனை மணியோ அத்தனை காசு வீட்டில் சேரும், வால்நட் கெடுதலை அண்டவிடாது என்பது பழைய நம்பிக்கை. அதனால் இரண்டு வகையும் சுட்டாக வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் மமாவுக்குத் தூக்கம் வராது.

நோட்டில் இருப்பதும் இல்லாததும்

எங்கள் வீட்டுக் குறிப்பு மனைவியின் பாட்டி எழுதியது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில் எழுத்து, ஓரமெல்லாம் நெய்க்கறை. அளவுகள் "டெகா"வில் இருக்கும். ஒரு டெகா என்றால் 10 கிராம். இன்றைக்கும் கடையில் "இருபது டெகா சீஸ்" என்றுதான் கேட்கிறார்கள். உப்புக்கு "கத்தி நுனியளவு" என்று எழுதியிருப்பார், நம் சிட்டிகை மாதிரி. பாலுக்கு மட்டும் எண்ணே கிடையாது. "எவ்வளவு வாங்குமோ அவ்வளவு" என்று இருக்கும். ஹங்கேரியப் பாட்டிமார்களின் குறிப்புகளில் இந்த ஒரு வரி இல்லாத பக்கத்தைப் பார்ப்பது கஷ்டம். கண்ணளவில் சமைத்த நம் பாட்டிகளுக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை.

அந்த வரியை நான் மூன்று வருஷம் எடைபோட்டுப் பார்த்து எண்ணாக மாற்றியிருக்கிறேன். கீழே உள்ள அளவுக்கு நான்கு பெய்க்லி வரும், இரண்டு கசகசா, இரண்டு வால்நட்.

மாவுக்கு:
மைதா 500 கிராம்
உப்புப் போடாத வெண்ணெய் 150 கிராம், பன்றிக்கொழுப்பு 70 கிராம் (அல்லது வெண்ணெய் மட்டுமே 220 கிராம்)
பொடித்த சீனி 60 கிராம்
முட்டை மஞ்சள் கரு 3
பால் 100 மில்லி, கூடக் குறைய
புது ஈஸ்ட் 15 கிராம், அல்லது இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம்
உப்பு ஒரு நல்ல சிட்டிகை

கசகசாப் பூரணத்துக்கு:
கசகசா 200 கிராம், சீனி 120 கிராம், பால் 100 மில்லி, ரவை ஒரு மேசைக்கரண்டி, உலர் திராட்சை 40 கிராம், எலுமிச்சைத் தோல் துருவல்

வால்நட் பூரணத்துக்கு:
வால்நட் 220 கிராம், சீனி 110 கிராம், பால் 80 மில்லி, ரொட்டித்தூள் 20 கிராம், உலர் திராட்சை 30 கிராம், பட்டைப் பொடி ஒரு சிட்டிகை, இருந்தால் ஒரு கரண்டி ஆப்ரிகாட் ஜாம்

மேலே தடவ: ஒரு முட்டை, மஞ்சளும் வெள்ளையும் தனித்தனியாக.

மாவைத் தொடுமுன் சாமான்களைப் பற்றி

பன்றிக்கொழுப்பு என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். இங்கே அது தினசரிச் சமையல் கொழுப்பு, நமக்கு நல்லெண்ணெய் மாதிரி. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். இந்தக் கொழுப்பில் அது கிடையாது. அதனால் மாவு இழுவை குறைந்து, தேய்க்கும்போது ரப்பர் மாதிரிச் சுருங்காமல் சொன்னபடி கேட்கும். வெண்ணெய் மட்டும் போட்டால் கொஞ்சம் மொறுமொறுப்புக் கூடும், வாசனை பிரமாதமாக இருக்கும், வேலை சற்றே கடினம். நான் இரண்டு விதமாகவும் செய்கிறேன். ஒளிக்காமல் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மமாவுக்குத் தெரிகிறது.

கசகசா விஷயம் கொஞ்சம் பெரிது. நம் ஊர்க் கடையில் கிடைப்பது வெள்ளைக் கசகசா. குருமாவில் அரைத்து விடுவோம், பாயசம் வைப்போம். இங்கே இருப்பது கருநீலம். செடி ஒன்றுதான், வகை வேறு. வெள்ளைக்கு முந்திரி மாதிரி ஒரு மென்மையான சுவை. நீலத்துக்கு மண்வாசனையும் அடிநாக்கில் ஒரு லேசான கசப்பும் உண்டு. பெய்க்லியின் உயிரே அந்தக் கசப்புதான். வெள்ளையை வைத்தும் செய்யலாம், சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டும்போது அந்தக் கறுப்புச் சுழி வராது. நீலம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே கசகசாவுக்கே தடை. "ஒரு சின்னப் பொட்டலம்தானே" என்று பெட்டியில் போட்டு எடுத்துப் போகவே கூடாது. நான்கையும் வால்நட்டாகச் சுட்டுவிடுங்கள்.

கசகசாவை அரைத்துத்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பல்லில் மணலாக நெருடும், சுவையும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இங்கே இதற்கென்றே மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் கைராட்டை மாதிரி ஒரு சின்ன இரும்பு அரைவை உண்டு. மணியை நசுக்கித் தள்ளும். நமக்கு மிக்ஸி போதும். கழுவக் கூடாது, ஊறவைக்கக் கூடாது. குருமாவுக்கு அரைப்பது போல் தண்ணீர் விட்டால் விழுதாகிவிடும், அது இதற்கு உதவாது. காய்ந்த ஜாரில் 50 கிராம் 50 கிராமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் கக்கும். கசகசாவில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். அதனால் அரைத்து வைத்தால் சீக்கிரம் காறிப்போகும். அன்றன்றைக்கு அரைப்பதே நல்லது. காறிய கசகசாவை எத்தனை சீனி போட்டாலும் மறைக்க முடியாது.

வால்நட்டையும் ஒன்று தின்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அதே கதைதான்.

எலுமிச்சைத் தோல் துருவும்போது ஒரு எச்சரிக்கை. இங்கே கிடைக்கும் எலுமிச்சை தடித்த தோல்காரன். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு. கொஞ்சம் அழுத்தினாலும் வெள்ளைப் பகுதி வந்து கசந்துவிடும். கமலா ஆரஞ்சுத் தோல் பாதுகாப்பானது.

முந்தைய நாள் ராத்திரி: மாவு

புது ஈஸ்ட் என்றால் பாலில் பாதியை விரல் சூட்டுக்குக் காய்ச்சி, ஒரு சிட்டிகை சீனியுடன் ஈஸ்டைக் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்து வந்தால் உயிரோடு இருக்கிறது. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் இந்தச் சடங்கு வேண்டாம், மைதாவிலேயே கலந்துவிடலாம்.

மைதா, பொடித்த சீனி, உப்பு மூன்றையும் அகலப் பாத்திரத்தில் சேருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு துண்டாக்கிப் போட்டு, கொழுப்பும் சேர்த்து, விரல் நுனியால் பிசறுங்கள். உள்ளங்கை வேண்டாம், அது சூடு. புட்டுமாவு பதம் வந்தால் சரி: பிடித்தால் நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மாவுத் துகள் ஒவ்வொன்றையும் கொழுப்பு மூடிக்கொள்வதால்தான் அப்புறம் பால் சேர்த்தாலும் மாவு பரோட்டா மாதிரி இழுவைக்குப் போகாது.

மஞ்சள் கரு, ஈஸ்ட் பால், மீதிப் பால். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, எவ்வளவு வாங்குமோ அவ்வளவு. ஒன்றுசேர்ந்து வழவழப்பானதும் நிறுத்திவிடுங்கள், மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் பிசைய ஒன்றுமில்லை. பூரி மாவை விடக் கொஞ்சம் இளக்கம், சப்பாத்தி மாவை விடக் கெட்டி. கையில் ஒட்டினால் பால் கூடிவிட்டது என்று அர்த்தம்; ஒரு பிடி மாவு தூவிச் சமாளிக்கலாம்.

எடை போட்டு நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 235 கிராம் பக்கத்தில் வரும். உருட்டி, லேசாகத் தட்டி, மூடி, குளிரில் வையுங்கள். மமா வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் கணப்பு இல்லாத ஒரு சாமான் அறை உண்டு. டிசம்பரில் அது இயற்கையான ஃப்ரிட்ஜ். சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் நேராக ஃப்ரிட்ஜுக்குள். குறைந்தது இரண்டு மணி நேரம், ராத்திரி முழுவதும் என்றால் இன்னும் நல்லது. காலையில் பார்த்தால் மாவு கொஞ்சம்தான் ஊதியிருக்கும். "ஈஸ்ட் செத்துவிட்டதோ" என்று பதறாதீர்கள். அவ்வளவுதான் வேண்டும்.

அதே ராத்திரி: பூரணம்

கசகசாவுக்கு: பாலையும் சீனியையும் கொதிக்கவைத்து, அரைத்த கசகசா, ரவை, திராட்சை, தோல் துருவல் எல்லாவற்றின் மேலும் ஊற்றிக் கிளறி மூடுங்கள். ரவை எதற்கு என்றால், கசகசா உறிஞ்சாமல் விட்ட ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அந்த ஈரம் ஓவனில் ஆவியாகி மாவை முட்டித் தள்ளினால் அதுதான் வெடிப்பு.

வால்நட்டுக்கும் அதே முறைதான், ரவைக்குப் பதில் ரொட்டித்தூள். வால்நட்டை மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். நைசாக்கினால் எண்ணெய் விட்டுக் களிமண்ணாகிவிடும்.

பதம் பார்ப்பது நமக்குச் சுலபம். கொழுக்கட்டைப் பூரணம் எப்படி இருக்க வேண்டும்? உருட்டினால் உருண்டையாக நிற்கும், விரலில் நீர் கோக்காது. அதே பதம். தளர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ரொட்டித்தூள். உதிர்ந்தால் ஒரு கரண்டி பால். ராத்திரி ஆறவிட்டால் இன்னும் இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கூடாது. உள்ளே சூடு இருந்தால் வெண்ணெய் இளகும், ஈஸ்ட் துள்ளும்.

கடைசியாகத் தராசு. மாவு எத்தனை எடையோ பூரணமும் அத்தனை எடை: ஒவ்வொரு பெய்க்லிக்கும் 235 கிராம் பக்கம். மமா இதில் மட்டும் கண்ணளவை நம்புவதில்லை. பூரணத்தில் கஞ்சத்தனம் காட்டுகிற வீட்டைப் பற்றி வருஷம் முழுவதும் பேசுவார்கள். அளவுக்கு மீறி வைத்தால் பெய்க்லியே பேசிவிடும்.

காலையில்: தேய்த்தல், சுருட்டல்

ஒரு நேரத்தில் ஒரு உருண்டையை மட்டும் வெளியே எடுங்கள். மற்ற மூன்றும் குளிரிலேயே இருக்கட்டும். லேசாக மாவு தூவி, 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலத்துக்குச் செவ்வகமாகத் தேய்த்தால் தடிமன் மூன்று மில்லிமீட்டர் பக்கம் வரும். ஓரங்களை விட நடு மெல்லிசாகிவிடாமல் பாருங்கள். பூரிக்கட்டை சின்னதாக இருந்தால் நடுவிலிருந்து நாலு பக்கமும் வெளிப்பக்கமாகவே தள்ளுங்கள், முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். எந்த இடம் மெல்லிசோ அந்த இடத்தில்தான் முதலில் பிளக்கும். மாவு சுருங்கிச் சண்டை போட்டால் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள்.

பூரணத்தைக் கையால் பரப்புவதை விட ஒரு தந்திரம் உண்டு. அதை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, மாவை விடக் கொஞ்சம் சின்னச் செவ்வகமாகத் தேய்த்து, மேல்தாளை உரித்து, மாவின் மேல் கவிழ்த்துவிடலாம். எல்லா இடத்திலும் ஒரே கனம். இது பாட்டியின் நோட்டில் இல்லை. நான் கண்டுபிடித்ததும் இல்லை, மனைவியின் அக்கா செய்வது. மமா பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். இரண்டு குறுகிய ஓரங்களையும் பூரணத்தின் மேல் மடித்துவிடுங்கள். முனை வழியாகக் கசியாது. அப்புறம் நீள ஓரத்திலிருந்து சுருட்டுங்கள். இறுக்கமாகவா, தளர்வாகவா? இடையில் காற்று தங்காத அளவுக்கு நெருக்கம், ஆனால் இழுத்துக் கட்டிய இறுக்கம் இல்லை. காற்று தங்கினால் சுட்ட பிறகு மாவும் பூரணமும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவே குகை விழும். இழுத்துச் சுருட்டினால் விரிய இடமில்லாமல் தோல் கிழியும். பாயைச் சுருட்டுவது போல் கைகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போனால் சரியாக வரும்.

பட்டர் பேப்பர் போட்ட தட்டில், மூட்டு அடியில் இருக்கும்படி வையுங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. எது கசகசா, எது வால்நட் என்று இப்போதே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே பார்த்தால் தெரியாது. நாங்கள் வால்நட் தலையில் ஒரு பாதி வால்நட்டை அழுத்திவிடுவோம்.

பளிங்கு மேனி

பெய்க்லியின் அழகு முழுவதும் இங்கே இருக்கிறது. பலர் தவறுவதும் இங்கேதான், காரணம் பொறுமையின்மை.

மஞ்சள் கருவை ஒரு கரண்டி பாலோடு கலக்கி, மேலும் பக்கங்களிலும் பிரஷ்ஷால் மெல்லிசாக, ஒரு இடம் விடாமல் தடவுங்கள். குளிர்ந்த இடத்தில் காயவிடுங்கள். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அதன் மேல் வெள்ளைக் கருவை லேசாக அடித்துத் தடவி மறுபடியும் காயவிடுங்கள், அரை மணி நேரம் போதும். வெள்ளைக் கரு காயும்போது சுருங்கும். அப்புறம் ஓவனில் மாவு கொஞ்சம் விரியும்போது, காய்ந்த மேல்பூச்சு அதோடு விரிய முடியாமல் நூல் நூலாக வெடித்துக் கோலம் போடும். மேல்பூச்சு வெடிக்கலாம், மாவு வெடிக்கக் கூடாது.

மஞ்சள் காயாமல் வெள்ளையைத் தடவினால் இரண்டும் கலந்து வெறும் பளபளப்பு மட்டும் மிஞ்சும், கோடு வராது.

இந்தக் காயும் நேரம்தான் பெய்க்லி பொங்கும் நேரமும். தனியாகப் பொங்கவிட வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் ஈஸ்ட் ஓடிவிடும், வெண்ணெயும் கசியும். முதல் பூச்சுக்குத் தட்டை மூடாமல் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். ஃப்ரிட்ஜ் காற்று வறண்டது, நன்றாகவே காயும். இரண்டாவது பூச்சுக்கு மின்விசிறிக்குக் கீழே. கடலோர ஈரக்காற்று என்றால் ஏசி அறை.

குத்துதல்

எனக்குப் பிடித்த படி. நீளமான தடித்த ஊசி, கம்பளி பின்னும் ஊசி, சுத்தமான கபாப் குச்சி, எது இருக்கிறதோ அது. மேலே மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, அடிவரை போகும்படி நேராகக் குத்துங்கள். இரண்டு பக்கங்களிலும் அதே மாதிரி. பக்கங்களை மறந்துவிடாதீர்கள், வெடிப்பு பெரும்பாலும் தட்டைத் தொடும் அந்த இடுப்புப் பகுதியில்தான் ஆரம்பிக்கும். ஆவி வெளியே வர வழி இருந்தால் அது சுவரை இடிக்காது. துளைகள் அசிங்கமாக இருக்குமே என்று தயங்க வேண்டாம், சுட்ட பிறகு தேடித்தான் பார்க்க வேண்டும்.

சுடுதல்

ஓவன் 180 டிகிரி, மேலும் கீழும் சூடு. விசிறி ஓவன் என்றால் 165. முன்கூட்டியே முழுச் சூடு ஏறியிருக்க வேண்டும். நடுத்தட்டில் வைத்து 30 முதல் 35 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. சின்ன ஓடிஜி அடுப்பில் மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் நிறம் சீக்கிரம் ஏறும். பாதி நேரத்துக்கு மேல் ஒரு அலுமினியத் தாளை மேலே லேசாகப் போடலாம். நான்கும் ஒரே தட்டில் கொள்ளாவிட்டால் இரண்டு இரண்டாகச் சுடுங்கள், காத்திருப்பவை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

தேன் நிறத்தில் எடுத்துவிடாதீர்கள். அது பாதி வெந்தது. நன்றாகப் பழுத்த புளியங்கொட்டை நிறத்துக்குக் கொஞ்சம் முன்னால், பளபளவென்று இருக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் தட்டிலேயே விடுங்கள். சூட்டில் தூக்கினால் நடுவில் முறியும். ஆறின பிறகும் அன்றைக்கே வெட்டாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு ராத்திரி கழிந்தால் பூரணத்தின் ஈரம் மாவுக்குள் இறங்கி இரண்டும் ஒன்றாகும். 23-ஆம் தேதி சுட்டு 24 ராத்திரி வெட்டுவதற்குக் காரணம் அதுதான். அன்றைக்குத்தான் இங்கே மரம் ஜோடித்து, விருந்து வைத்து, பரிசு பிரிப்பார்கள். பரிசு கொண்டுவருவது தாத்தா இல்லை, குழந்தை இயேசு. தாத்தா டிசம்பர் 6-ஆம் தேதியே வந்து போய்விடுவார். மிளகாய்ப்பொடி மணக்கும் சிவப்பு மீன் சூப்பைக் குடித்து முடித்ததும் பெய்க்லித் தட்டு வரும்.

பல் வைத்த கத்தியால், அழுத்தாமல் அறுத்து, விரல் தடிமனுக்குத் துண்டு போடுங்கள். தேவைப்படும்போது மட்டும் வெட்டினால், துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்த முழு பெய்க்லி பத்து நாள் தாங்கும். எனக்கு மூன்றாம் நாள்தான் பிடிக்கும். முழுசாகவே ஃப்ரீசரிலும் வைக்கலாம்.

மாவுக்குப் போக மிஞ்சிய மூன்று வெள்ளைக் கருவைக் கொட்டாதீர்கள். சீனி சேர்த்து அடித்து, தேங்காய்த் துருவல் கலந்து, கரண்டி கரண்டியாக வைத்துச் சுட்டால் "தேங்காய் முத்தம்" என்று இங்கே ஒரு பிஸ்கட். தென்னை மரமே இல்லாத நாட்டில் கிறிஸ்துமஸ் தட்டில் தேங்காய் வருவதைப் பார்த்து முதல் வருஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெடித்துவிட்டால்

வெடித்ததைப் பார்த்தே காரணம் சொல்லலாம். மேலே நீளமாக ஒரே பிளவு என்றால் பொங்கியது கூடிவிட்டது, அல்லது இழுத்துச் சுருட்டியிருக்கிறீர்கள். பக்கத்து இடுப்பில் பிளவு என்றால் அங்கே குத்தவில்லை. முனையில் கசிவு என்றால் ஓரத்தை மடிக்க மறந்திருக்கிறீர்கள். அங்கங்கே சின்னச் சின்னதாக என்றால் பூரணத்தில் ஈரம். உள்ளே குகை, வெளியே ஒன்றுமில்லை என்றால் காற்று. இத்தனையும் சரியாகச் செய்தும் நான்கில் ஒன்று வெடிக்கும். போன வருஷம் மமா கையால் சுருட்டியதே வெடித்தது, அவர் ஓவனைத் திட்டினார்.

அதை என்ன செய்வது என்பதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. வெடித்ததையும், புத்தாண்டுக்குள் காய்ந்துபோன துண்டுகளையும் ஓவன் பாத்திரத்தில் அடுக்கி, முட்டை மஞ்சள் கருவும் வெனிலாவும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புப் பாலை ஊற்றி, ஊறவிட்டு, மேலே பொன்னிறமாகும் வரை சுட்டுக் கரண்டியால் சாப்பிடுவது. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் உயிர். மனைவி "வெடிச்சிருச்சா?" என்று கேட்கும்போது, குழந்தைகள் இரண்டு பேரும் ஓவன் முன்னால், "வெடிக்கட்டும்" என்றுதான் வேண்டிக்கொண்டு நிற்கிறார்கள்.